டிடிஎஸ் பேனாவும் கீசர் காயிலும்

கோயமுத்தூர்ல வாடகைக்கு வீடு பாக்கப் போனீங்கன்னா புரோக்கர் வாஸ்து சொல்றதுக்கு முன்னாடி தண்ணியைத்தான் சொல்லுவாரு. "நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வந்துருங்க, உப்புத் தண்ணி எப்பவும் இருக்குங்க." நல்ல தண்ணின்னா சிறுவாணி, இல்லைன்னா பில்லூர். உப்புத் தண்ணின்னா போர். நெறைய வீடுகள்ல சமையக்கட்டுல ரெண்டு குழாயும் பக்கத்துல பக்கத்துலயே இருக்கும், வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க தப்பான குழாயில சொம்பைப் புடிச்சு ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிக்கறது ஒரு சடங்கு மாதிரியே நடக்கும்.

சிறுவாணித் தண்ணி பாலக்காடு மாவட்டத்து மலைக்குள்ள, முத்திக்குளம் பக்கம் இருக்கற அணையில இருந்து வருது. காட்டுல பெய்யிற மழை பாறை மேல ஓடி சீக்கிரமா அணைக்குள்ள வந்து சேந்துருது, மண்ணுக்குள்ள வருசக்கணக்கா ஊறிக் கெடக்கற வேலை கெடையாது, அதனால எதையும் கரைச்சு எடுத்துட்டு வர அதுக்கு நேரமும் இல்லை. உலகத்துலயே ரெண்டாவது சுவையான தண்ணின்னு ஊருக்குள்ள ஆளாளுக்குச் சொல்லுவோம், யாரு அந்தப் போட்டி வெச்சாங்க, மொதப் பரிசு எந்த ஊருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் தெரியாது, ஆனாலும் சொல்லுவோம்.

போர் தண்ணி கதை வேற. நம்ம ஊருக்கு அடியில இருக்கறது கெட்டிப் பாறை, அந்தப் பாறை வெடிப்புல தேங்கி நிக்கறதைத்தான் எண்ணூறு அடி, ஆயிரம் அடின்னு ஓட்டை போட்டு உறிஞ்சறோம். மதுக்கரையில சுண்ணாம்புக்கல் இருக்கப் போய்த்தான் 1930கள்லயே அங்க சிமெண்ட் ஃபேக்டரி வந்துச்சு. கெணறு வெட்டுனவங்களைக் கேளுங்க, பல எடத்துல மேல்மண்ணுக்குக் கீழ வெள்ளை வெள்ளையா சுக்கான் கல்லு, அதாவது சுண்ணாம்புக் கட்டி, தட்டும்பாங்க. மழைத் தண்ணி மண்ணுக்குள்ள எறங்கும்போது அங்க இருக்கற கார்பன் டை ஆக்சைடைச் சேத்துக்கிட்டு லேசா அமிலமாகி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டா கரைச்சுக்கிட்டுப் போயி பாறைக்குள்ள உக்காந்துருது. மோட்டார் போட்டு மேல ஏத்தறப்ப பாத்தா தெளிவாத்தான் இருக்கும், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது.

சூடு பண்ணும்போதுதான் அது வேலையைக் காட்டும். கொதிக்க விடணும்னு கூட இல்லை, சுடச்சுட அந்தக் கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிரும், அது போனதும் கரைஞ்சு கெடந்த கால்சியம் கரையாத சுண்ணாம்பா மாறிரும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, சக்கரை உப்பெல்லாம் சுடு தண்ணியில நல்லாக் கரையும், கால்சியம் கார்பனேட் அதுக்கு நேர் எதிரு, சூடு ஏற ஏற கரையறது கம்மியாகும். அதனால தண்ணியில எந்த எடம் ரொம்ப சூடோ அங்க போயித்தான் மொதல்ல ஒட்டும். கீசர்ல எந்த எடம் ரொம்ப சூடு? காயில்தான்.

எங்க வீட்டு கீசரு ஒரு காலத்துல சத்தம் போட ஆரம்பிச்சுது. ஸ்விட்ச் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து சடசடன்னு ஏதோ பொரியிற சத்தம். சர்வீஸ் பண்ண வந்த அண்ணன் மேல பாத்துட்டே, "காயில்ல கல்லு புடிச்சுருச்சுங்க தம்பி, அந்தக் கல்லுக்கு அடியில மாட்டுன தண்ணி ஆவியாகி வெடிக்குது, அதான் சத்தம்" அப்படின்னாரு. கரண்ட்டை ஆஃப் பண்ணி, தண்ணியை வடிச்சு, அடியில இருக்கற போல்ட்டைக் கழட்டி தட்டை இழுத்தாரு பாருங்க, காயிலே வரலை. ரெண்டு மூணு ஆட்டு ஆட்டுனதுக்கப்பறம்தான் வந்துச்சு, கூடவே பக்கெட்டுக்குள்ள பொலபொலன்னு செதில் செதிலா வெள்ளையும் பழுப்புமாக் கொட்டுச்சு. வெரல் மொத்தத்துல இருக்க வேண்டிய காயிலு அதுபோல ரெண்டு பங்கு மொத்தமா இருந்துச்சு, ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டுனா ஓடு ஓடாப் பேந்து விழுந்துது, சில எடத்துல ஓடு வெடிச்சு உள்ள இருக்கற உலோகம் கறுத்துப் போயிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு கம்பி, இத்துப் போயி குச்சியா நின்னுச்சு. அதுதான் ஆனோட் ராடு, மெக்னீசியம் கம்பி. டேங்க் துருப்புடிக்கக் கூடாதுன்னு தனக்கு மேல அரிப்பை வாங்கிக்கறதுக்குன்னே வெச்சிருப்பாங்க, அது கரைஞ்சு தீந்துருச்சுன்னா அடுத்து டேங்க்தான். நம்மாளுங்க காயிலைப் பத்திக் கவலைப்படற அளவுக்கு இந்தக் கம்பியைப் பத்திக் கவலைப்படறதே இல்லை, போன வருசம் மாத்துனீங்களான்னு கேட்டா அப்படி ஒண்ணு இருக்கான்னு கேப்பாங்க.

இவ்வளவு கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகமா இருந்தா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. எங்க போர் தண்ணி கடினத்தன்மை, அதாவது கரைஞ்சிருக்கற கால்சியம் மெக்னீசியத்தோட அளவு, லிட்டருக்கு 650 மில்லிகிராம் பக்கம். நாலு பேரு குளிக்க ஒரு நாளைக்கு 100 லிட்டர் கீசர் வழியாப் போகுதுன்னு வெச்சுக்கங்க, 65 கிராம் ஆச்சு. வருசத்துக்கு 23 கிலோவுக்கு மேல. அதுல பெரும்பகுதி தண்ணியோடயே பக்கெட்டுக்குப் போயிருது, நூத்துக்கு ரெண்டு பங்கு மட்டும் உள்ள தங்குச்சுன்னாலே அரைக் கிலோ கல்லு. பதினஞ்சு லிட்டர் டேங்க்குக்குள்ள அரைக் கிலோ!

சரி, இந்த 650 எப்படித் தெரியும்னா, இங்கதான் டிடிஎஸ் பேனா கதை வருது. ஆர்ஓ விக்க வர்ற பையன் யாரா இருந்தாலும் பாக்கெட்ல ஒரு பேனா வெச்சிருப்பான். தண்ணிக்குள்ள முக்குவான், 1100ன்னு காட்டும், "பாத்தீங்களா சார், இந்தத் தண்ணியைத்தான் பொழங்கறீங்க"ன்னு ஒரு பார்வை பாப்பான். அந்தப் பேனா உண்மையில அளக்கறது தண்ணியில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னுதான். அதை வெச்சு கரைஞ்சிருக்கற உப்பு மொத்தம் எவ்வளவு இருக்கும்னு ஒரு கணக்கு சொல்லும். அதுல சாப்பாட்டு உப்பும் வரும், சோடாவும் வரும், சுண்ணாம்பும் வரும். காயில்ல ஒட்டறது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும்தான். டிடிஎஸ் 1100 இருந்தும் கடினத்தன்மை கம்மியா இருக்கற கெணறும் உண்டு, ரெண்டும் சேந்து ஏறுற கெணறும் உண்டு. அதுக்காக பேனாவே தண்டம்னு சொல்லலை, உப்பு அதிகமிருந்தா துருவும் சீக்கிரம் புடிக்கும், மேல சொன்ன மெக்னீசியம் கம்பி சீக்கிரம் கரையறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா கல்லு புடிக்குமான்னு தெரிஞ்சுக்க பேனா ஆகாது.

கடினத்தன்மை பாக்க சொட்டு கிட் இருக்கு, ஆன்லைன்ல கெடைக்குது, மீன் தொட்டிக் கடையிலயும் வெச்சிருப்பாங்க. சின்னக் குப்பியில தண்ணி எடுத்து சாயம் ஒண்ணு போட்டா ஒயின் நெறத்துக்கு வரும், அப்பறம் இன்னொரு பாட்டில்ல இருந்து சொட்டுச் சொட்டா விட்டுக் குலுக்கிட்டே போகணும், நெறம் சட்டுன்னு நீலமா மாறற எடத்துல நிறுத்திட்டு சொட்டை எண்ணணும். காலேஜ் லேப்ல ஈடிடிஏ டைட்ரேஷன்னு பண்ணுனது ஞாபகம் இருக்கா, அதேதான். சிறுவாணித் தண்ணியில விட்டு வெளையாடக்கூட முடியலை, ஆரம்பிச்ச உடனே நீலமாயிருச்சு. போர் தண்ணியில விட்டுட்டே இருக்கேன், கை வலிக்குது, நெறம் மாறவே மாட்டேங்குது. கிட் வாங்க மனசில்லைன்னா குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் லேப் இருக்கு, பாட்டில்ல புடிச்சுக் குடுத்தா கட்டணம் வாங்கிட்டு ரிப்போர்ட்டா குடுத்துருவாங்க. குடிநீருக்கு இந்திய தரநிலை ஐஎஸ் 10500 சொல்றது 200 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும். நம்ம ஏரியா போர்ல நெறைய அந்தக் கடைசிக் கோட்டையும் தாண்டி நிக்குது.

அடுத்தது கரண்ட் பில்லு. 'காயில்ல கல்லு புடிச்சா கரண்ட் பில்லு எகிறும்'னு சாஃப்ட்னர் விக்கறவங்க எல்லாரும் சொல்லுவாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, காயில் தண்ணிக்குள்ளதானே முங்கிக் கெடக்குது, அது உண்டாக்கற சூடு கல்லைத் தாண்டி தண்ணிக்குத்தான் போயாகணும், வேற எங்க போகும்? அமெரிக்காவுல பேட்டல் நிறுவனம் 2009ல பண்ணுன ஆய்வுலயும் எலக்ட்ரிக் ஹீட்டரோட திறன் பெருசா கொறையலைன்னுதான் வந்துச்சு, கேஸ் ஹீட்டர்லதான் நல்லாவே கொறைஞ்சுது. அங்க தீ ஒரு பக்கம், தண்ணி இன்னொரு பக்கம், நடுவுல கல்லு புடிச்சா சூடு புகைக்குழாய் வழியா வெளிய போயிரும். எலக்ட்ரிக்ல நஷ்டம் வேற ரூபத்துல வரும். சூடு சட்டுன்னு வெளிய போக முடியாம காயிலே ரொம்பக் காஞ்சு, மேல் உறை வெடிச்சு, ஒரு நாள் காலையில குளிக்கப் போறப்ப, கரண்ட் கசிஞ்சா கட் பண்ணி விடற ஈஎல்சிபி ட்ரிப் ஆகும். அப்ப சில பேரு பண்ற வேலை ஈஎல்சிபியையே பைபாஸ் பண்ணி விடறது. தயவு செஞ்சு அது மட்டும் வேண்டாம்ங்க, தண்ணியில கரண்ட் கசியுதுன்னுதான் அது கத்துது.

தெர்மோஸ்டாட்டை ஃபுல்லா திருப்பி வெக்காம 55, 60க்குள்ள நிறுத்துனாலே கல்லு கணிசமாக் கம்மியாகும். எழுபத்தஞ்சு வரைக்கும் சூடு ஏத்தி அதுல பாதி பச்சத் தண்ணி கலந்து குளிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

சோலார்ல நெலமை இன்னும் மோசம், ஏன்னா அங்க தெர்மோஸ்டாட்டே கெடையாது, சித்திரை வெயில்ல யாரும் சுடு தண்ணி தொறக்காட்டி அது பாட்டுக்கு எண்பதைத் தாண்டிரும். சூலூர்ல எங்க மாமா வீட்ல மொதல்ல இருந்தது தட்டையான எஃப்பிசி, உள்ள வெரல் மொத்தத்துக்கு செப்புக் குழாயா ஓடும், அதுக்குள்ள கல்லு புடிச்சு அடைச்சா கதை முடிஞ்சுது, ஒவ்வொரு குழாயா அடைச்சுக்கிட்டு கடைசியில பனி மாசத்துல வெதுவெதுன்னுதான் வந்துச்சு. இப்ப கண்ணாடிக் குழாய் வெச்ச ஈடிசி போட்டிருக்காரு. அதுலயும் கல்லு வரும், ஆனா குழாயோட அடியில பொடியாப் போயி உக்காரும், வருசத்துக்கு ஒருக்கா கழட்டிக் கழுவி மாட்டிக்கலாம், உடைஞ்சாலும் ஒரு குழாய்தான் போகும். மாமா தென்னந்தோப்புல சொட்டு நீர்ப் பாசனத்துக்கு ஆசிட் விட்டு டியூபைக் கழுவிக் கழுவிப் பழகுனவரு. சோலார் கம்பெனிக்காரங்ககிட்ட, "ட்ரிப்பரையே அடைக்கற தண்ணிங்க இது, உங்க குழாயை விட்டுருமா?"ன்னு கேட்டுத்தான் மாத்துனாரு.

வாஷிங் மெஷின்ல ஃப்ரண்ட் லோடுன்னா உள்ள ஹீட்டர் இருக்கு, சூடு வெச்சுத் துவைச்சா அதுக்கும் இதே கதி. சூடு வெக்காம பச்சத் தண்ணியிலயே ஓட்டறவங்களுக்கு ஹீட்டர் தப்பிச்சுருது, ஆனா துணி வெறைச்சுக்கிட்டு, வெள்ளைச் சட்டை ஒரு மாதிரி சாம்பல் பூத்து வரும். சோப்பும் கால்சியமும் சேந்தா கரையாத பிசுக்கு ஒண்ணு வரும், பாத்ரூம் பக்கெட்ல வழவழன்னு வெள்ளையா ஒட்டுமே, அதேதான் துணியிலயும் ஒட்டுது. டிடர்ஜென்ட் கட்டிச் சோப்பு அளவுக்கு மோசம் இல்லை, அதுலயும் பவுடர்ல கால்சியத்தைக் கட்டிப் போடற சோடா, ஜியோலைட் மாதிரி சங்கதி பெரும்பாலும் கூடவே இருக்கும், லிக்விட்ல அவ்வளவு இருக்காது. அதனால போர் தண்ணிக்கு என் ஓட்டு பவுடருக்குத்தான், லிக்விட் மணமா இருக்குன்னு வீட்ல சண்டை வந்தாலும் சரி. தண்ணி நெறைய நேரம் எடுத்துக்குதுன்னா மெஷினுக்குப் பின்னாடி பைப் மாட்டற எடத்துல ஒரு சின்ன வலை இருக்கும், அதைக் கழட்டிப் பாருங்க, பாதி பேருக்கு அதுலயே தீர்வு கெடைச்சுரும்.

கல்லை எடுக்கறதுக்கு மெஷின் கம்பெனிங்க விக்கற டீஸ்கேல் பவுடர் பலதுல இருக்கறது பெரும்பாலும் சிட்ரிக் ஆசிட்தான். மளிகைக் கடையில லெமன் சால்ட்டுன்னு கேட்டா கெடைக்கும், ஒரு 100 கிராம் காலி டிரம்முக்குள்ள போட்டு 60 டிகிரியில ஒரு ஓட்டு ஓட்டுனாப் போதும். சூடு ஜாஸ்தியானா நல்லாப் போகும்னு 90ல வெக்காதீங்க, கால்சியம் சிட்ரேட் ரொம்ப சூட்டுல கரையாம அதுவே ஒரு படிவமாயிரும். அதுகூட ப்ளீச் எதையும் சேக்கவே கூடாது, ஆசிட்டும் ப்ளீச்சும் சேந்தா குளோரின் வாயு வரும், வெளையாட்டு இல்லை. பாத்ரூம் டைல்ஸுக்கு ஆசிட் பாட்டிலை ஊத்தறவங்களுக்கும் இதேதான், குழாயோட பளபளப்பு போறதும் டைல்ஸ் இடுக்கு சிமெண்ட் அரிச்சுப் போறதும் அதுக்கு மேல இனாம்.

ஆர்ஓ மெஷின்ல கழிவுத் தண்ணிக் குழாயை வாஷிங் மெஷினுக்கு விடலாம்னு வாட்சப்ல ஒரு ஐடியா சுத்துது. ஆர்ஓ நாலு லிட்டர் எடுத்து ஒரு லிட்டரை சுத்தமாக் குடுக்குதுன்னா மிச்ச மூணு லிட்டர்ல அந்த நாலு லிட்டரோட கல்லு மொத்தமும் இருக்கும், 650 இருந்த தண்ணி 860 பக்கம் போயிருக்கும். அதைக் கொண்டு போயி மெஷினுக்கும் ஏர் கூலருக்கும் ஊத்துனா என்ன ஆகும்? டாய்லெட்டுக்கு ஊத்துங்க, வாசல் தெளிங்க, அதோட நிறுத்திக்கங்க.

எங்கம்மாவுக்கு இந்த நம்பரெல்லாம் தேவையே இல்லை. துவரம்பருப்பைப் போட்டு ரெண்டு விசில் விட்டுப் பாத்துட்டு, "எந்தக் குழாயில புடிச்ச கண்ணு?"ம்பாங்க. உப்புத் தண்ணியில பருப்பு வேகாதுங்கறது ஊரறிஞ்ச சேதி, காரணம் கால்சியம் பருப்புக்குள்ள இருக்கற பெக்டினைப் புடிச்சு இறுக்கிருது, எவ்வளவு வெந்தாலும் மசியாது. டீ மேல எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுன்னு நிக்கறதும் டீத்தூள் குத்தம் இல்லை, தண்ணிதான். இட்லி குண்டாவுக்குள்ள அம்மா ஒரு துண்டு புளியோ புழிஞ்ச எலுமிச்சம்பழத் தோலோ போட்டுத்தான் தண்ணி ஊத்துவாங்க, அடியில வெள்ளையா படியாது. நூறு ரூபா டீஸ்கேல் பவுடர் செய்யறதை புளி செய்யுது.

சரவணம்பட்டியில அக்கா இருக்கற அபார்ட்மெண்ட்ல மொத்த பில்டிங்குக்கும் சாஃப்ட்னர் போட்டாங்க. உள்ள ரெசின் மணி மணியா இருக்கும், அது கால்சியத்தைப் புடிச்சுக்கிட்டு சோடியத்தை விட்டுரும், ரெசின் நெறைஞ்சதும் மூட்டை உப்பைக் கரைச்சு ஊத்திக் கழுவணும். போட்ட மறுநாளே ஒருத்தர் டிடிஎஸ் பேனாவைத் தூக்கிட்டு வந்து, முன்னாடியும் 1100 இப்பவும் 1100, ஏமாத்திட்டாங்கன்னு வாட்சப் குரூப்ல ஒரே சண்டை. ஏமாத்தலை, அது அப்படித்தான் காட்டும், கால்சியம் போன எடத்துல சோடியம் உக்காந்திருக்கு. கடினத்தன்மையில ஒவ்வொரு 100க்கும் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும், எங்க தண்ணிக் கணக்குக்கு 300 வந்துரும். அதைக் குடிக்கறதுக்கும் செடிக்கும் ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லாமப் போயி, அக்கா மாடித் தோட்டத்துல கறிவேப்பிலை நுனி கருகிப் போச்சு. கழுவுன உப்புத் தண்ணி போயி சேர்றதும் இதே பூமிக்குள்ளதான். டாய்லெட்டுல ஊத்தற தண்ணியை எதுக்குங்க சாஃப்ட் பண்ணணும்? சூடு படற லைனுக்கு மட்டும், கீசர், சோலார், வாஷிங் மெஷின், அவ்வளவுக்கு மட்டும் சின்னதாப் போட்டிருந்தா செலவும் கம்மி, உப்பும் கம்மி. பைப் மேல மேக்னெட் கிளிப் மாட்டுனா சரியாயிரும்னு ஒரு குரூப் இருக்கு, மாட்டுனதுக்கு முன்னாடி பின்னாடி சொட்டு கிட்ல பாருங்க, நம்பர் அப்படியே இருக்கும், அதுக்கு மேல நம்பறது உங்க இஷ்டம்.

முடி கொட்டறதும் கிட்னி ஸ்டோனும் இந்தத் தண்ணியாலதான்னு விளம்பரத்துல வர்றதை அப்படியே நம்பிராதீங்க, உலக சுகாதார நிறுவனமே கடினத்தன்மைக்குன்னு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வெக்கலை. கஷ்டப்படறது நம்ம கீசர்தான்.

உண்மையான சாஃப்ட் வாட்டர் வருசத்துல சில நாள் ஓசியிலயே வருது. 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குனப்ப எல்லாரும் குழி தோண்டி மொட்டை மாடிப் பைப்பை அதுக்குள்ள விட்டோம், நல்ல காரியம்தான், போர்ல தண்ணி ஏறும். நாங்க இப்ப பாதிப் பைப்பைப் பிரிச்சு வடிகட்டி வெச்சு சம்புக்கு விட்டிருக்கோம், மொத மழையை வெளிய விட்டுருவோம், அடுத்து வர்றதை உள்ள வாங்குவோம். ஐப்பசி கார்த்திகையில அந்தத் தண்ணி கலந்து ஓடற மாசத்துல சோப்பு நுரைச்சுக்கிட்டே இருக்கு, கழுவ மாட்டேங்குதுன்னு பசங்க கத்தறாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் பாத்துட்டு, மழைத் தண்ணியை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாங்களான்னு கேட்டாரு. வேண்டாங்கண்ணா, மாடித் தூசி எல்லாம் அதுல இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் பேட்டரிக் கடையிலயே கெடைக்குது, வாங்கி ஊத்துங்கன்னு சொல்லியிருக்கேன்.